தண்ணீர்கூடத் தங்காத மசக்கை: என்ன செய்யலாம், எப்போது பொறுக்கக் கூடாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும். முதல் கர்ப்பம், எட்டாவது வாரம். மூன்று வாரமாகச் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீரும் திரும்ப வந்துவிடுகிறது. 58 கிலோ இருந்தவர் இப்போது 54.5 கிலோ. வீட்டுப் பெரியவர்கள் "மசக்கைன்னா அப்படித்தான், நாங்கள்லாம் பெத்துக்கலையா" என்கிறார்கள். மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கடைசியாக ஒரு வரி: "நான் என்ன சாப்பிட்டால் குழந்தைக்குச் சத்துப் போகும்?"

சாப்பாட்டைப் பிறகு பார்ப்போம் அம்மா. முதலில் இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாளை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். 58 கிலோவில் மூன்றரை கிலோ குறைந்தால் அது 6 சதவீதம். கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து, உடம்பில் நீரும் வற்றத் தொடங்கினால் மருத்துவம் அதை மசக்கைக் கணக்கில் வைப்பதில்லை. ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம் என்று தனிப் பெயர் கொடுத்து, சிகிச்சை தேவைப்படும் நோயாகவே பார்க்கிறது. பிரசவ வார்டில் செவிலியராக 22 ஆண்டு இருந்திருக்கிறேன். இந்த நோயோடு வந்தவர்களில் பலர் ஒரு வாரம், பத்து நாள் தாமதமாகத்தான் வந்தார்கள். ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீர்கள் என்று கேட்டால், "எல்லாருக்கும் வர்றதுதானேன்னு நினைச்சேன்" என்பார்கள்.

எல்லாருக்கும் வருவது எது, உங்களுக்கு வந்திருப்பது எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாயும் வயிறுமாக இருக்கும் பெண்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ இருக்கும். பெரும்பாலும் நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் தொடங்கும். எட்டிலிருந்து பத்தாவது வாரம் வரை உச்சத்தில் இருக்கும். பலருக்குப் பதினாறு வாரத்துக்குள் அடங்கிவிடும், சிலருக்கு இருபது வாரம் பிடிக்கும். காலையில் மட்டும்தான் வரும் என்பது 'மார்னிங் சிக்னஸ்' என்ற ஆங்கிலப் பெயரால் வந்த குழப்பம். நாள் முழுக்கப் புரட்டுபவர்களே அதிகம். இவர்கள் சிரமப்பட்டாலும் ஏதோ ஒன்றைச் சாப்பிடுவார்கள், சிறுநீர் ஒழுங்காகப் போகும், எடை பெரிதாக இறங்காது. உங்களுடையது நூறு கர்ப்பிணிகளில் ஒருவர், அதிகம் போனால் மூன்று பேர் அனுபவிப்பது. உங்கள் மாமியாரும் அம்மாவும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு வந்தது வேறு.

உங்கள் நிலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் மூன்று கேள்வி கேட்பதுண்டு. கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் குமட்டியது? எத்தனை முறை வாந்தி எடுத்தீர்கள்? எதுவும் வெளியே வராமல் வெறுமனே எத்தனை முறை ஓங்கரித்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண். ஆறு மணி நேரத்துக்கு மேல் குமட்டினால் 5, ஏழு முறையோ அதற்கு மேலோ வாந்தி வந்தால் 5, ஓங்கரிப்புக்கும் அதே கணக்கு. மூன்றையும் கூட்டி 6 வரை வந்தால் லேசானது, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13-ஐத் தொட்டால் கடுமை. இதைத் தினமும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். "ரொம்ப வாந்தி டாக்டர்" என்று சொல்வதைவிட "மூன்று நாளாக 13, 14, 14" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்: எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது கொஞ்சமாக அடர்த்தியான மஞ்சளில் போகிறது, 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், பிறப்புறுப்பில் ரத்தம், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது. இந்தக் கடைசி மூன்றைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு, தண்ணீர் தங்காத அறிகுறி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து, உங்களை அழவைக்கும் கேள்வி. குழந்தைக்குச் சத்துப் போகுமா? எட்டாவது வாரத்தில் கரு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், எடை ஒரு கிராமை ஒட்டி. அதன் தேவை மிகச் சிறியது. உங்கள் உடம்பில் இதுவரை சேர்ந்திருக்கும் இருப்பிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் கர்ப்பிணி வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட வேண்டிய அவசியமே கிடையாது. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்ற பேச்சுக்கு இந்த வாரங்களில் இடமில்லை. குமட்டலும் வாந்தியும் உள்ளவர்களுக்குக் கருச்சிதைவு குறைவாகவே நேர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. (குமட்டலே இல்லாதவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். குமட்டல் இல்லாமல் நல்லபடியாகப் பெற்றவர்கள் ஏராளம்.) கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், வாந்தி மாதக் கணக்கில் நீண்டு, கர்ப்பத்தின் பிற்பாதியிலும் எடை ஏறாமல் போனால். அப்போது குழந்தை எடை குறைவாகவோ, நாள் முந்தியோ பிறக்க வாய்ப்புக் கூடும். அந்த இடத்துக்குப் போகவிடாமல் தடுக்கத்தான் சிகிச்சையை இப்போதே தொடங்கச் சொல்கிறேன். இந்த வாரத்தில் ஆபத்து குழந்தையைவிட உங்களுக்குத்தான் அதிகம். நீங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இது ஏன் சிலரை மட்டும் இப்படிப் போட்டுப் புரட்டுகிறது? நெடுங்காலம் இதை மனம் சார்ந்தது என்றார்கள். பிள்ளை வேண்டாம் என்று உள்ளுக்குள் நினைப்பவளுக்குத்தான் வாந்தி வரும் என்று மருத்துவர்களே எழுதிய காலம் ஒன்று இருந்தது. படிக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. உண்மையான காரணத்துக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோனது ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன். கருவும் நஞ்சுக்கொடியும் இதைச் சுரக்கின்றன. அது தாயின் ரத்தத்தில் கலந்து, மூளையின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் போய் உட்காருகிறது. கர்ப்பத்துக்கு முன் யாருடைய உடம்பில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்ததோ, அவர்களுக்கு இது திடீரென்று ஏறும்போது தாக்கம் கடுமையாகிறது. ஏற்கெனவே பழகிய உடம்புக்கு அவ்வளவு தெரிவதில்லை. பீட்டா தலசீமியா உள்ள பெண்களின் உடம்பில் இது எப்போதும் அதிகமாக இருக்கும், அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவு என்பதும் இதற்கு வலுச் சேர்க்கிறது. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் அமெரிக்க மரபியலாளர் மார்லினா ஃபெஜோ. அவரே 1999-இல் இந்த நோயால் தன் கருவை இழந்தவர். ஆக, உங்கள் மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாராவது "மனசைத் திடமா வச்சுக்கோ, சரியாயிடும்" என்றால் இந்த ஹார்மோனின் பெயரைச் சொல்லுங்கள்.

இரட்டைக் கருவாக இருந்தாலும், முத்துப்பிள்ளை என்று சொல்லும் இயல்பற்ற கருவாக இருந்தாலும் வாந்தி கடுமையாக இருக்கக்கூடும். அதனால் இதுவரை ஸ்கேன் எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்வார்கள். தைராய்டு, சிறுநீர்த் தொற்று, கல்லீரல் இவற்றையும் பார்ப்பார்கள். ஒன்பது, பத்து வாரம் வரை ஒன்றுமே இல்லாமல் இருந்து அதற்குப் பிறகு முதல்முறையாக வாந்தி தொடங்கினால், மசக்கை என்று விட்டுவிடாமல் வேறு காரணம் தேட வேண்டும்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. முதலில் தண்ணீர். ஒரு மனிதர் சாப்பாடு இல்லாமல் சில நாள் தாக்குப்பிடிக்கலாம், தண்ணீர் இல்லாமல் முடியாது. டம்ளரில் ஊற்றி மடமடவென்று குடிக்காதீர்கள். வெறும் வயிறு திடீரென்று விரிந்தால் அப்படியே திருப்பி அனுப்பும். கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. அரை மணி நேரம் தங்கினால் இரண்டு தேக்கரண்டி. வாந்தி வந்தால் கால் மணி நேரம் விட்டு மறுபடி ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். இது சலிப்பூட்டும் வேலை. கூட இருப்பவர் ஒருவர் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் பெரிய உதவி. வெறும் தண்ணீரே குமட்டுகிறது என்று பலர் சொல்வார்கள், அது உண்மைதான். ஐஸ் கட்டியைச் சப்பிப் பாருங்கள். பழச்சாற்றை உறையவைத்துத் துண்டு துண்டாகச் சுவைக்கலாம். எலுமிச்சைத் துளி விட்ட குளிர்ந்த நீர் சிலருக்கு இறங்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் சரியாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். குளிர வைத்தால் அதன் உப்புக் கரிப்பு அவ்வளவு தெரியாது. பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு கூடிவிடக் கூடாது.

போதுமான தண்ணீர் உள்ளே போகிறதா என்பதைச் சிறுநீர் சொல்லும். எத்தனை முறை போனீர்கள், என்ன நிறம் என்று அந்தத் தாளிலேயே குறியுங்கள். வெளிர் மஞ்சளாக மூன்று நான்கு முறையாவது போனால் சமாளிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்த நாட்களில் நல்ல உணவு, கெட்ட உணவு என்ற கணக்கைத் தயவுசெய்து ஒதுக்கி வையுங்கள். எது உள்ளே நிற்கிறதோ அதுதான் இன்றைக்குச் சத்தான உணவு. மூன்று நாள் உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் இறங்கினால் மூன்று நாளும் அதுவே. என் முதல் கர்ப்பத்தில் எனக்குக் குளிர்ந்த தர்பூசணியும் உப்பு பிஸ்கட்டும் தவிர எதுவும் இறங்கவில்லை. பன்னிரண்டு நாள் அதில்தான் ஓட்டினேன். இரண்டு கீரை, இரண்டு முட்டை என்று பட்டியல் போட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கும் வேலையில் இருந்த எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தாலே புரட்டியது. அதன்பிறகு இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் பட்டியல் கொடுப்பதையே விட்டுவிட்டேன்.

காலி வயிறு குமட்டலின் கூட்டாளி. பசி எடுக்கும்வரை காத்திருந்தால் அதற்குள் புரட்டல் முந்திக்கொள்ளும். அதனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு வாய் சாப்பிடுங்கள். தட்டு நிறைய வைத்துக்கொண்டு எதிரில் உட்காராதீர்கள், அதைப் பார்ப்பதே போதும் வாந்திக்கு. சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி. படுக்கைக்குப் பக்கத்தில் வறண்ட பிஸ்கட்டோ வாட்டிய ரொட்டியோ வைத்துக்கொண்டு, காலையில் எழுந்திருக்கும் முன் படுத்தபடியே ஒன்றைக் கடித்துச் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதும் ஒன்று சாப்பிடலாம். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அரை மணி நேரம் இடைவெளி இருந்தால் வயிறு ஒரேயடியாக நிரம்பாது. எண்ணெய், காரம், அதிக இனிப்பு பெரும்பாலானோருக்கு ஆகாது. புரதம் கொஞ்சம் இறங்கினால், அதாவது வறுத்த கடலை நாலு, தயிர் இரண்டு கரண்டி, ஒரு துண்டு முட்டை, குமட்டல் சற்று நேரம் விலகியிருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். இறங்காவிட்டால் கட்டாயமில்லை.

வாசனைதான் பெரிய எதிரி. கர்ப்பத்தில் மூக்கு அவ்வளவு கூர்மையாகிவிடும். தாளிக்கிற வாசனை, சோப்பு, கணவர் சட்டையில் வியர்வை, ஃபிரிட்ஜைத் திறக்கும்போது வருகிற காற்று, எல்லாமே அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். சூடான உணவில் வாசனை ஆவியோடு எழும்பும். அதனால் ஆறின உணவு, குளிர்ந்த உணவு எளிதாக இறங்கும். முடிந்தால் சில வாரம் நீங்கள் அடுப்படிக்குள் போகவே வேண்டாம். சமைப்பவர் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கட்டும். வாசனைத் திரவியம், ஊதுவத்தி, அறைக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாவற்றையும் எடுத்து ஓரம் வையுங்கள். கைக்குட்டையில் எலுமிச்சைத் தோலைக் கசக்கி வைத்துக்கொண்டு, வேறு வாடை வரும்போது மூக்கில் வைப்பது எளிய வழி, உதவுகிறது.

இஞ்சி பற்றி எல்லாரும் கேட்பார்கள். லேசான குமட்டலுக்கு அது கேட்கிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் உலர்ந்த இஞ்சிப் பொடியை நாளுக்கு ஒரு கிராம் அளவில், நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் அது எரிச்சலைக் கூட்டும். உங்கள் நிலையில் இருப்பவரிடம் "இஞ்சி சாப்பிட்டுப் பார்த்தீங்களா" என்று கேட்பது, எரிகிற வீட்டுக்குச் சொம்புத் தண்ணீர் கொண்டுவருவதுபோல. மணிக்கட்டின் உள்பக்க மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவே அழுத்தும் முறையும் உண்டு. சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை, கெடுதல் கிடையாது.

யாரும் சொல்லாத இரண்டு சங்கடங்கள். ஒன்று, வாயில் ஊறும் எச்சில். விழுங்கினால் வாந்தி, துப்பினால் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். துப்பிவிடுங்கள். மூடியுள்ள ஒரு கிண்ணமோ, டிஷ்யூவோ கையில் இருக்கட்டும். இதுவும் இந்த நோயின் ஒரு பகுதிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு, பல். வாந்தியோடு வரும் அமிலம் பல்லின் மேல்பூச்சை இளக்கிவிடும். உடனே பிரஷ் போட்டால் அது தேய்ந்துபோகும். வாந்தி எடுத்ததும் ஒரு டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். அரை மணி நேரமாவது கழித்துப் பல் தேயுங்கள். பற்பசையின் நுரை குமட்டினால் பசை இல்லாமல் வெறும் பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் சத்து மாத்திரையில் இரும்புச் சத்து இருந்தால் அதுவே புரட்டலைக் கூட்டக்கூடும். மருத்துவரைக் கேட்டுச் சில வாரம் அதை நிறுத்தி, ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மட்டும் தொடரலாம். ஃபோலிக் அமிலத்தை விடாதீர்கள், சின்ன மாத்திரை, பன்னிரண்டாவது வாரம் வரை அவசியம். இரவு படுக்கப்போகும்போது விழுங்கினால் தங்க வாய்ப்பு அதிகம். தைராய்டு, வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வேறு எதற்காவது மருந்து எடுப்பவர்கள், மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிடுகிறது என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

மருந்துப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் பிள்ளைகள் பிறந்தார்கள், உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல். 1961 இறுதியில்தான் அதை நிறுத்தினார்கள். கர்ப்பிணிக்கு மருந்து என்றாலே உலகம் நடுங்கியது அதனால்தான், அந்த நடுக்கம் நியாயமானது. ஆனால் அதே பயம் இன்னொரு பக்கம் பெண்களைத் தண்டித்தது. டாக்சிலமைனும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த பெண்டெக்டின் மாத்திரை 1956 முதல் அமெரிக்காவில் இருந்தது. கோடிக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். பிள்ளைகளின் பிறவிக் குறைபாட்டுக்கு அதுதான் காரணம் என்று வழக்குகள் குவிந்ததால் 1983-இல் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார். அதன்பின் பிறவிக் குறைபாடு குறையவில்லை. வாந்தியால் மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகளின் எண்ணிக்கை கூடியது. அதன்பின் வந்த ஆய்வுகளும் அதை ஆபத்தற்றது என்றே காட்டின. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைக்கு மீண்டும் அனுமதி கொடுத்தது. நடுவில் முப்பது ஆண்டு.

இன்று பல நாடுகளில் முதலில் கொடுப்பது இதைத்தான். ஒவ்வொன்றிலும் 10 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் மாத்திரை. இரவு படுக்கும்போது இரண்டு, போதாவிட்டால் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று மருத்துவர் கூட்டுவார். வேலை செய்யச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால்தான் காலைக் குமட்டலுக்கு இரவே கொடுப்பது. குமட்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தால் பலன் தெரியாது. தினமும் தவறாமல் போட வேண்டும். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. இது போதாவிட்டால் ப்ரோமெதசின், ப்ரோகுளோர்பெராசின், மெட்டோகுளோப்ரமைடு என்று அடுத்த படிகள் உண்டு. மெட்டோகுளோப்ரமைடு போட்டபின் தாடை இறுகுவது, கழுத்து கோணுவது, உட்கார முடியாத பரபரப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். ஆண்டன்செட்ரான் நன்றாகக் கேட்கும், ஆனால் கடுமையாக மலம் கட்டும். முதல் மூன்று மாதத்தில் அதை எடுத்தவர்களிடம் உதடு, அண்ணப் பிளவு மிகச் சிறிதளவு கூடுதலாகக் காணப்பட்டது. கணக்கில் சொன்னால், பத்தாயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய மூன்று. இதை மறைக்காமல் மருத்துவர் சொல்ல வேண்டும், நீங்களும் கேட்க வேண்டும். மற்றவை கேட்காமல் நீர் வற்றிக் கிடக்கும் பெண்ணுக்கு அந்தச் சிறு அபாயத்தைவிட வாந்தியின் அபாயம் பெரியதாக இருக்கும். கடையில் கேட்டுத் தானாக வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். எடை, ரத்த அழுத்தம், நாடி பார்ப்பார்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம், கல்லீரல் பார்ப்பார்கள். சிறுநீரில் கீட்டோன், அதாவது சாப்பாடு இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள், இருக்கிறதா என்று பார்ப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2024 வழிகாட்டலில், நீர் வற்றியிருப்பதையோ நோயின் கடுமையையோ கீட்டோனை வைத்து அளக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "கீட்டோன் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால், தண்ணீர் தங்கவில்லை, எடை 6 சதவீதம் போய்விட்டது என்று மறுபடி சொல்லுங்கள். பிறகு நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்றுவார்கள், ஊசியில் வாந்தி மருந்து கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் முகம் தெளிந்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் அன்றே வீட்டுக்குப் போவார்கள், சிலருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வாந்தி மறுபடி வந்தால் மறுபடி போக வேண்டியதுதான், அதில் தோல்வி ஒன்றுமில்லை. படுத்தே இருப்பதாலும் நீர் வற்றுவதாலும் காலில் ரத்தம் உறையக்கூடும் என்பதற்காக ஊசி போடுவதும் உண்டு.

முன்பு தள்ளிவைத்த மூன்று அறிகுறிக்கு வருகிறேன். வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் சில வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். வாரக் கணக்கில் சாப்பிடாமல் வாந்தி மட்டும் எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் மூளை பாதிக்கப்படும். வெர்னிக்கி நோய் என்று பெயர். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவு கெடுவது அதன் அடையாளங்கள். தயமின் தீர்ந்த உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், அதைச் செரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி நிலைமை மோசமாகும். அதனால் குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் கொடுக்க வேண்டும். "சோர்வா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துடலாம்" என்று அக்கம்பக்கத்தில் எங்காவது போய் ஏற்றிக்கொள்வதை நான் அஞ்சுவது இதனால்தான். நீங்கள் படுத்திருக்கையில் உங்களோடு வருபவர், "மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, தயமின் கொடுத்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். இது வெகு அபூர்வம். ஆனால் தடுக்க முடிந்ததைத் தடுக்காமல் விட்டதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்துவிட்டேன். அதற்குப் பின் யாரிடமும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

உங்கள் கணவருக்கு: மனைவி வாந்தி எடுக்கும்போது "இன்னும் ஒரு வாய் சாப்பிடேன்" என்று கெஞ்சாதீர்கள். அந்தக் கெஞ்சல் அவர் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. எச்சில் கிண்ணத்தைக் கழுவி வையுங்கள். தேக்கரண்டித் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். பெரியவர்களிடம் "டாக்டர் இதை நோய்னு சொல்லிட்டார்" என்று நீங்களே பேசுங்கள், அவர் வாதாட வேண்டியிருக்கக் கூடாது. மருத்துவரிடமும் கூடப் போங்கள். சோர்ந்து கிடப்பவர் தன் நோயைக் குறைத்துச் சொல்வார், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கட்டுமா? இந்தப் பிள்ளையே வேண்டாம் என்றோ, விடியாமல் போனால் நல்லது என்றோ உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? ஆசைப்பட்டு, காத்திருந்து கருத்தரித்தவர்களுக்கும் இந்த நோயில் அப்படித் தோன்றியிருக்கிறது, என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். அதனால் நீங்கள் கெட்ட தாய் ஆகிவிட மாட்டீர்கள். பல வாரம் தூக்கமும் சோறும் இல்லாத உடம்பில் மனம் அப்படித்தான் இருண்டுபோகும். வாந்தி அடங்கினால் பெரும்பாலும் அதுவும் விலகும். ஆனாலும் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றி இப்போது யோசிக்கத் தோன்றாது, இருந்தாலும் ஒரு வரி. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி, கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே வைட்டமின் மாத்திரையும், குமட்டல் தலைகாட்டும்போதே வாந்தி மருந்தும் தொடங்கியவர்களில் பலருக்கு இரண்டாம் முறை இவ்வளவு கடுமை இருப்பதில்லை.

இப்போது ஒரு தாளை எடுங்கள். எட்டாவது வாரம். முன்பு 58 கிலோ, இன்று 54.5. நேற்று எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை ஓங்கரிப்பு, எத்தனை மணி நேரம் குமட்டல். கடைசியாகச் சிறுநீர் போனது எத்தனை மணிக்கு. எழுதியாயிற்றா? அதை உங்களோடு வருபவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டியில் போகும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், மடியில் ஒரு பை இருக்கட்டும்.